ஒன்பது மணிக்கு இறங்குகிறவர்கள்

விடியுமுன்பே, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். நமுனுகுல மலை இன்னும் மேகத்துக்குள் இருந்தது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நேற்றைய மழையில் ஊறிக் காயாமல், நடக்கும்போது தொடையில் பலகைபோல அறைந்தது. பெயர் கூப்பிட்டதும் ரெங்கம்மா கூடைக் கயிற்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு நகர்ந்தாள். குளிர் தெரியவில்லை. இருபது நாட்களாக அவளுக்கு எதுவுமே தெரியவில்லை.

மேல்மலையில் தேயிலைக் கொழுந்து. விரல்கள் தம்பாட்டில் கிள்ளின. ஒன்பது மணியளவில் மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது. பக்கத்து நிரையில் நின்ற நிஷாந்தினி பார்த்தும் பாராததுபோலக் குனிந்துகொண்டாள். அவளுடைய ரவிக்கையும் நனைந்துதான் இருந்தது. ஆனால் அவள் குழந்தை கீழே பிள்ளைக்காம்பராவில் உயிரோடு அழுதுகொண்டிருந்தது.

வேலைக்கு வரும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுவரும் இடம் அது. முன்பெல்லாம் பால் கொடுக்கிறவர்கள் ஒன்பது மணிக்குக் கூடையை வைத்துவிட்டு இறங்கிப் போய்வருவார்கள். தோட்டம் கைமாறிய பிறகு அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

"எறங்கி ஏற ஒரு மணித்தியாலம் போகுதே" என்றார் மலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா. "போத்தல்ல ஊத்தி வச்சுட்டு வாங்க. டவுனுல எல்லாம் அப்பிடித்தான வளக்குறாங்க?"

ரெங்கம்மாவின் ஐந்து மாதக் குழந்தைக்குப் போத்தல் பால் புரையேறியது காலை பதினொரு மணிக்கு. அவளிடம் சொன்னது பின்னேரம், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு.

அவள் அழவில்லை. பத்தாம் நாள் வேலைக்கு வந்தாள். சீனி சுற்றிய தாளைக்கூட விரித்து வாசிக்கிறவள், இப்போது எழுத்துகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிறகே வாசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் கூடி வாசிப்பது ஒரு வருஷமாக நடந்தது. பசறையில் தையல்கடை வைத்திருக்கும் நளீரா, பெண்கள் எழுதிய புத்தகங்களாகப் பார்த்துக் கொடுத்தனுப்புவாள். அந்த மாதத்துப் புத்தகத்தை எழுதியவரே மறுநாள் ஞாயிறு வந்திருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் படிப்பிக்கும் யோகமலர் டீச்சர். நிஷாந்தினி வற்புறுத்தி ரெங்கம்மாவையும் கூட்டிவந்திருந்தாள்.

"பெண் எண்டால் எங்கயும் ஒரே சிறைதான். அதைத்தான் எழுதினனான்" என்றார் டீச்சர். "கூச்சப்படாமல் கதையுங்கோ."

"கொழுந்துக்காரி கத நல்லாருக்குங்க" என்றாள் இராக்கம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவள். வாய் சும்மா இராது. "ஆனா தேயிலைக்கடியில புள்ளையக் கெடத்திட்டுக் கொழுந்தெடுக்குறான்னு எழுதிருக்கீங்களே, அது எந்தத் தோட்டமுங்க? எங்க மலையில கெடத்துனா அட்டப்பூச்சி தூக்கிட்டுப் போயிரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார், முகம் சிவக்க.

ரெங்கம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"டீச்சர், இத எழுதுறப்போ ஒங்க வீட்ல சோறாக்குனது யாருங்க?"

"ஒரு பிள்ளை வேலைக்கு நிக்கிறா."

"எங்க ஆளுகளா?"

"ஓம். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம். பத்து வருஷமா எங்களோடதான்."

"பேரு?"

"லெட்சுமி எண்டு கூப்பிடுறனாங்கள்."

"கூப்புடுறது இருக்கட்டுங்க. பேரு?"

கூரைத் தகரத்தில் மழை விழத் தொடங்கியது. ரெங்கம்மா காத்திருந்தாள்.

"யோகமலர்" என்றார் டீச்சர் கடைசியில். "என்ர பேர்தான் அவவுக்கும். வீட்டில ரெண்டு பேருக்கு ஒரே பேர் சரிவராதெண்டு மாத்தினனாங்கள்."

ரெங்கம்மாவின் குரலில் கோபமில்லை. கணக்கப்பிள்ளையிடம் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்:

"எம்புள்ள போன பொறவு சங்கத் தலைவருகிட்டப் போனேன். பால் குடுக்குறது பொம்பளைங்க சமாச்சாரம், தொரைகிட்டப் பேசுற விசயமில்லன்னாரு. தோட்டத் தொரைகிட்டப் போனா, கூலியாளுக்கு மலையில என்ன வீட்டு வேலைன்னாரு. சரி, பொம்பளைங்க எழுதுன புத்தகத்துலயாவது இருப்போமேன்னு வாசிச்சேன். அதுலயும் எங்களத் தேயிலைக்கடியில கெடத்திட்டீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் என்ன செய்யவேணும், சொல்லுங்கோ."

"மொதல்ல வீட்டுக்குப் போய் அவளப் பேரச் சொல்லிக் கூப்புடுங்க. மத்தத அவகிட்டயே கேளுங்க."

நிஷாந்தினி திடீரென்று சொன்னாள்: "நாளைக்கு ஒம்பது மணிக்கு நான் எறங்கப் போறேன்."

"ஒத்தையா எறங்குனா பேர வெட்டி நாட்கூலிய நிறுத்திப்புடுவான்" என்றாள் இராக்கம்மா.

"எல்லாரும் எறங்குனா?" என்றாள் ரெங்கம்மா. "புள்ள இருக்கவ, இல்லாதவ, எல்லாரும்."

"நான் யாருக்கடி பால் குடுக்க?" என்றாள் இராக்கம்மா. "எம்மகனுக்கு மீசையே நரச்சுப் போச்சு!" சிரிப்பு அடங்கியதும், "வாரேன்" என்றாள்.

அன்று மாலையே செய்தி ஆட்கள் குடியிருக்கும் லயம் லயமாகப் போயிற்று.

திங்கட்கிழமை மேல்மலையில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. தொழிற்சாலையில் ஒன்பது மணிச் சங்கு ஊதியது. நிஷாந்தினி கூடையை இறக்கி வைத்தாள். அடுத்து ரெங்கம்மா. பிறகு இராக்கம்மா. அந்த மலையிலிருந்த நாற்பத்திரண்டு கூடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்கு வந்தன.

கண்டாக்கையா ஓடிவந்து கையை நீட்டிப் பாதையை மறித்தார். "எல்லாருக்கும் இன்னக்கி அரப்பேருதான், பாதிக் கூலிதான்! தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!" ரெங்கம்மாவைக் கண்டதும் நின்றார். "புள்ள இல்லாதவ நீ எதுக்குடி போற?"

அவள் அவரைப் பார்த்தாள்.

"இருந்தப்போ போகலைங்க. அதுக்குத்தான்."

அவர் கை தானாகக் கீழே இறங்கியது. பெண்கள் வரிசையாக அவரைக் கடந்து போனார்கள்.

பிள்ளைக்காம்பராவில் தாய்மார் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வாசலை அடைத்து நின்றார்கள். கங்காணி தொரையின் பங்களாவுக்கு ஓடுவது தெரிந்தது. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாளைக்கும் இறங்குவது என்பது மட்டும் தெரியும்.

உள்ளே ஒரு குழந்தை விடாமல் அழுதது. அதன் தாய் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். இராக்கம்மா ஒன்றும் கேட்காமல் அதைத் தூக்கி ரெங்கம்மாவின் மடியில் வைத்தாள்.

குழந்தை பற்றி இழுத்தது. அவளுக்குச் சுரீரென்று வலித்தது. இருபத்திரண்டு நாளில் முதல்தடவையாக.