மூச்சு நின்ற பிறகும்

அண்ணன் ஓவென்று அழுதான். அவளோ அப்பாவின் நெஞ்சில் இரண்டு விரலை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"முடிஞ்சிடுச்சும்மா. கைய எடு."

"கொஞ்சம் பொறுண்ணா. பாத்துடறேன்."

ஆராய்ச்சிக்கூடத்தில், சோதனை முடிந்த எலிகளை வலியில்லாமல் அனுப்பிவைப்பது அவள் உத்தியோகம். கூண்டுக்குள் வாயுவை மெல்ல மெல்ல விட வேண்டும், அவசரப்பட்டால் பதறிப்போகும். மூச்சு நின்றதும் எழுந்து போய்விடக் கூடாது. காத்திருந்து, தொட்டுப் பார்த்து, இதயமும் நின்றதா என்று உறுதி செய்ய வேண்டும். அந்தப் பழக்கம் விரலோடு ஒட்டிக்கொண்டது. அங்கே செத்துவிட்டதா என்று பார்ப்பாள். இங்கே எதற்காகப் பார்க்கிறாள் என்றுதான் விளங்கவில்லை.

பஸ் கண்டக்டராக இருந்த அப்பாவுக்கு அவள் வேலை என்றால் ஒரே கேலி. "நானும்தான் டிக்கெட் குடுத்தேன். தினம் எவனாவது சில்லறைக்குச் சண்டைக்கு வருவான். உன்கிட்ட டிக்கெட் வாங்கினவன் ஒருத்தனாவது வாயத் திறந்தானா?"

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்துவிட்டார். "வீட்டுக்குப் போலாம்மா" என்றார் அப்பா. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றான் அண்ணன். அவள்தான் வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"எலியவே பழகின கூண்டுல வெச்சுத்தாண்ணா அனுப்புவோம். புது இடம்னா பயந்துடும்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்பாவும் எலியும் உனக்கு ஒண்ணாடி?" என்று கத்தியவன், கடைசியில் தானே போய் வண்டி பிடித்து வந்தான்.

அப்பா கேட்டதால் அழைத்து வந்தாளா, பழகிய கை தன் போக்கில் செய்ததா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. தன் கட்டிலில் படுத்ததும் அப்பா சிரித்தார். அது சிரிப்புதானா, மூச்சுக்குத் திணறி வாய் கோணியதா? அதுவும் தெரியவில்லை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். அப்பாவுக்கு வலிச்சிருக்குமா?"

எலி என்றால் அடித்துச் சொல்லியிருப்பாள். வலித்தால் கண்ணை இடுக்கும், காது பின்னால் போகும், முடி சிலிர்த்து நிற்கும். அப்பா கடைசி வரைக்கும் ஓடாத ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லண்ணா" என்றாள்.

அவன் அப்படியே நம்பிவிட்டான். பெருமூச்சு விட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கின் வார் அப்பாவின் கன்னத்தில் சிவப்பாகத் தடம் பதித்திருந்தது. கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. எழுந்து போய்த் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். சூடு அதிகமா என்று தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆறட்டும் என்று உதறினாள்.