கலைந்த படுக்கையை அப்படியே விடவும்

எங்கள் கடற்கரை விடுதியில் ஒவ்வோர் அறை மேசையிலும் ஓர் அட்டை இருக்கும். மணலோடு உள்ளே வராதீர்கள், வாசல் குழாயில் கால் கழுவுங்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடாதீர்கள். துவைக்க வேண்டிய துண்டைக் குளியலறைத் தரையில் போடுங்கள். கடைசி வரி, கலைந்த படுக்கையை அப்படியே விடவும். வருகிறவர்கள் மற்றதையெல்லாம் காற்றில் பறக்கவிடுவார்கள். கடைசி வரியை மட்டும் சொன்ன பேச்சுத் தட்டாமல் கேட்பார்கள்.

அந்த வரிக்குக் காரணம் உண்டு. யாராவது நல்ல மனதோடு தானே படுக்கையைச் சரிசெய்துவிட்டால், விரிப்பு புழங்கியதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

என் அம்மா இங்கே இருபத்திரண்டு வருடம் அறை சுத்தம் செய்தவள். அவளுடைய தள்ளுவண்டியைத்தான் இப்போது நான் தள்ளுகிறேன். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்தக் கட்டில்களில் அவள் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் வேலை போய்விடும். குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம்.

நோய் முற்றி, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கைவிரித்த மாதம், சூப்பர்வைசர் அக்காவிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மழைக்காலம், அறைகள் காலி. பதினோராம் அறையை ஒரே ஓர் இரவு அம்மாவுக்குக் கொடுத்தார். சாகும் முன் ஒரு தடவையாவது அந்த மெத்தையில் அவள் தூங்கிவிட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் கட்டில் விறைப்பாக நிற்கிறது. ஒரு சுருக்கம் இல்லை. அம்மா தரையில் சால்வையை விரித்து உட்கார்ந்திருக்கிறாள்.

"தரையிலதானே படுத்தே?"

"இல்லடி, மெத்தையிலதான். நல்லா தூங்கினேன். எழுந்ததும் படுக்கையைப் போட்டுட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரைத் தூக்க முடியாதவள், அந்த மெத்தையின் முனையைத் தூக்கி விரிப்பைச் செருகினாளாம். வலி உயிரை எடுக்கும்போதும் வலிக்கவில்லை என்று சொல்கிறவள் அவள். இதையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன். நான் எவ்வளவு கெஞ்சி வாங்கினேன் தெரியுமா என்று கத்தினேன். படுக்காத படுக்கைக்கு எதற்குப் புது விரிப்பு என்று, ஆத்திரத்தில் அப்படியே பூட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு ஒன்பது நாள்தான் இருந்தாள். மருந்து கொடுத்தேன், உடம்பு துடைத்துவிட்டேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மதியம் அவளாகவே, "நல்ல மெத்தைடி அது," என்றாள். "ஆமா, பாத்தேனே," என்றேன். அதற்குமேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரம் மழை விட்டது. பதினோராம் அறைக்கு ஒரு பெண்மணி வந்தார். வந்த வேகத்தில் புகார். சூப்பர்வைசர் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனார்.

போர்வை விலகிக் கிடந்தது. தலையணையில் நீளமாக இரண்டு நரைமுடி. விரிப்பில், இடுப்பு படும் இடத்தில், அம்மா தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் மஞ்சள் கறை. குனிந்தேன். அதே வாடை. மெத்தையின் நாலு மூலையிலும் விரிப்பு பிசகாமல் செருகியிருந்தது. எத்தனை தடவை மூச்சு வாங்க உட்கார்ந்து எழுந்து அதைச் செருகினாளோ.

விரிப்பு மாற்றாமல் விடுவது உனக்கு முதல் தடவை, என்ன ஆயிற்று என்று அக்கா பல்லைக் கடித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. திட்டியதற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண்மணி பதறிப்போனார். பரவாயில்லை, மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார்.

"எங்கம்மா பொய் சொல்லலக்கா," என்றேன். "தூங்கியிருக்கா."