பேராலயத்துக்கு ஒரு நாற்காலி

வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா, கோயிலை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். பார்த்து முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. ஓட்டுக்கூரை, மழைக்கறை படிந்த சுவர், எட்டினால் தொட்டுவிடும் உயரத்தில் ஒரு மணி. எதிர்ச்சாரியில் இரட்டைக் கோபுரத்தோடு வேறொரு மாதா கோயில் வானத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"கல்யாணப் பத்திரிகையில பேராலயம்னு போட்டிருந்தீங்களே, சம்பந்தி?"

"இதுதாங்க சம்பந்தியம்மா" என்றார் பெண்ணின் அப்பா. பஸ் டிரைவர். எத்தனையோ முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்பியவர், இப்போது பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்தார்.

"இதா? எங்க தெரு சைக்கிள் ஸ்டாண்டு இதைவிடப் பெருசு. கோபுரத்தைப் பாருங்கன்னு சொல்லித்தானே சொந்தக்காரங்களைத் திரட்டிட்டு வந்தேன்! ஆரம்பமே பொய்யின்னா…"

மீதியைச் சொல்லாமல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அம்மா இறங்காமல் மாப்பிள்ளை உள்ளே போகமாட்டான். உள்ளே, பூச்செண்டின் காம்பை நசுக்கியபடி பெண் காத்திருந்தாள், பாவம்.

ஃபாதர் வந்து வேன் ஜன்னலருகே குனிந்தார்.

"அம்மா, கதீட்ரலைத் தமிழ்ல பேராலயம்னு எழுதினோம் பாருங்க, வினையே அங்கதான். கேட்டா மலை மாதிரி இருக்கும்னு தோணுது. கதீட்ரல்ங்கிற வார்த்தைக்கு மூலம் கிரேக்கம். அங்க அதுக்கு நாற்காலின்னு அர்த்தம். ஆயரோட, அதான் பிஷப்போட, நாற்காலி எங்க இருக்கோ, அதுதான் கதீட்ரல். எதிர்க்கோயில் உசரம்தான். நாற்காலி இங்கதான் இருக்கு."

"வெறும் நாற்காலியா?"

"வந்து பாருங்க. பிடிக்கலைன்னா வேன் எங்கேயும் ஓடிடாது. அதோட டிரைவர் டீ குடிக்கப் போயிட்டார்."

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், உதடு கேட்கவில்லை. இறங்கினாள்.

பீடத்தின் பக்கத்தில் உயரமான முதுகோடு ஒரு மர நாற்காலி. மெத்தையின் சிவப்பு வெளுத்திருந்தது. கைப்பிடிகள், பல பேர் கைபட்டு, வழவழவென்று மின்னின. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள்.

"நாலு காலுக்கு இவ்வளவு மரியாதை. ரெண்டு காலும் தேஞ்சு நிக்கிறேன், எனக்கொரு ஸ்டூல் போட ஆளில்லை!"

அப்பாடா! பெண்ணின் அப்பா ஓடினார். முற்றத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து, புதுச் சட்டைக் கையாலேயே துடைத்து, முன்வரிசையில் போட்டார். அவள் உட்கார்ந்ததும் அது ஒரு பக்கம் ஆடியது. சட்டைப்பையிலிருந்த பத்திரிகையை எடுத்து, நாலாக மடித்து, ஆடிய காலுக்கடியில் செருகினார். 'பேரா' மட்டும் வெளியே தெரிந்தது.

"இப்ப ஆடலை" என்றாள் அவள். "பொண்ணைக் கூட்டிட்டு வாங்க."