பல்லா, உள்ளேயா?

லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் மாடிப்படி ஏறிப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? லிஃப்ட் ரிப்பேர் என்றுதான் நினைத்தார்கள். பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு அவன் பின்னாலேயே தாங்களும் படியேறினார்கள். பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு அது. ஐந்தாவது மாடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் லிஃப்ட் பக்கத்தில் ஜம்மென்று மேலே போவதைப் பார்த்து அவனை முறைத்தார்கள்.

"உடம்புக்கு நல்லதுங்க," என்பான் அவன், கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டே.

உண்மை வேறு. மழைக்காலத்தில் ஒரு நாள், வேறொரு கட்டடத்தில் அவன் சோதனைக்காக ஏறியிருந்த லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனது. கரண்ட் போயிற்று, கூடவே விளக்கும் காற்றாடியும் போயின. இது அவனுக்குப் புதிதல்ல. மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவன் பிழைப்பே. உள்ளிருந்து அலறுகிறவர்களுக்கு வெளியிலிருந்து எத்தனையோ முறை தைரியம் சொல்லியிருக்கிறான். அன்று இவனுக்குச் சொல்ல ஆளில்லை. நெஞ்சு படபடத்தது, கை மரத்தது, தொண்டை அடைத்தது. கதை முடிந்தது என்றே முடிவு கட்டிவிட்டான். உடன் வேலை செய்பவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, உள்ள குளிச்சிட்டா வர்றீங்க?" என்று கேட்டான். சட்டை அப்படி நனைந்திருந்தது. இவனும் சிரித்துவைத்தான்.

அதற்குப் பிறகு லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டாலே நெஞ்சு துள்ளியது. இதயத்தில்தான் கோளாறு என்று சுகாதார நிலையத்துக்கு ஓடினான். அங்கிருந்த டாக்டர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, காகிதத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "உங்க இதயம் குதிரை மாதிரி இருக்கு," என்றார்.

"குதிரை மாதிரி ஓடுது டாக்டர். அதானே பிரச்சனை!"

டாக்டர் சிரித்தார். பயம் உடம்பில் ஏறி ஆடினால் இப்படித்தான் இருக்கும் என்றார். புதன்கிழமைகளில் மனநல நர்ஸ் ஒருவர் வருகிறார், அவரிடம் பேசிப் பாருங்கள் என்று கைகாட்டி அனுப்பினார்.

அந்த நர்ஸுக்கென்று தனி வாசல் கிடையாது. பல் டாக்டர் அறைக்குள் நுழைந்து, பல் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனால் பின்னால் ஒரு சின்ன அறை. பல்லைத் தாண்டித்தான் மனதுக்குப் போக வேண்டும். ஒருவகையில் அது வசதியாகவும் இருந்தது. மனசு சரியில்லை என்று வந்தவர்கள் எல்லாரும் பல்வலிக்காரர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்தவர் யாராவது வந்தால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். வாசலில் நின்ற ஆயா குரலைத் தாழ்த்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "பல்லா, உள்ளேயா?" உள்ளே என்று முணுமுணுத்தால் போதும், பின்னறைக்கு அனுப்பிவிடுவார்.

மெக்கானிக் இதை வீட்டில் சொல்லவில்லை.

அவன் மனைவிக்குக் குடிநீர் வாரியத்தின் புகார் மையத்தில் வேலை. தண்ணீர் வராதவர்கள், தண்ணீருக்குப் பதில் சாக்கடை வருகிறவர்கள் எல்லாரும் அவள் காதில்தான் வந்து விழுவார்கள். யார் எப்படித் திட்டினாலும் தேன் தடவிய குரலில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் குரல் வரவர வீட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோபம் வந்தால் கத்த மாட்டாள். குழம்பில் உப்பில்லை என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தான்.

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்," என்றாள். நடவடிக்கையாக மறுநாள் குழம்பே இல்லை.

படியேறிப் படியேறி அவன் இளைத்துக்கொண்டே வந்தான். பழைய பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. அதைப் பிடித்துத் தரச் சொல்லி அவள் தன் அக்காவின் தையல் கடைக்கு எடுத்துப் போனாள். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேன்டையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆம்பள திடீர்னு இளைச்சா ரெண்டே காரணம்தான்டி. ஒண்ணு சர்க்கரை. இன்னொண்ணு சக்களத்தி."

"போக்கா, உனக்கு வேற வேலையில்ல."

"எனக்கு வேலை நெறைய இருக்கு. அதுல ஒருத்தி பிளவுஸ் தைக்க வந்தப்பதான் சொன்னா, உன் வீட்டுக்காரர் புதன்கிழமையானா சுகாதார நிலையத்துல பல் பெஞ்சுல உக்காந்திருக்காராம். வாராவாரம்! அப்படி எத்தனை பல்லுதான் இருக்கு அவருக்கு?"

சோடா மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிற மனுஷன் அவன். பல்வலி என்று ஒருநாள்கூட முனகியதில்லை. அங்கே ஒரு நர்ஸ் வேறு இருக்கிறாளாம் என்று அக்கா கடைசித் தையலையும் போட்டு அனுப்பினாள்.

அடுத்த புதன்கிழமை அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கிளம்பிவிட்டாள். பெஞ்சில் அவனைக் காணவில்லை. அவள் எட்டிப் பார்ப்பதற்குள் ஆயா எதிரில் வந்து நின்றார்.

"பல்லா, உள்ளேயா?"

அது என்ன கேள்வி என்று அவளுக்குப் புரியவில்லை. வேவு பார்க்க வந்தேன் என்றா சொல்ல முடியும்? "பல்லு," என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பல் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். அன்று அவர் பெஞ்சில் இருந்த ஏழெட்டுப் பேரில் உண்மையாகவே பல்லுக்கு வந்தது இவள்தான் என்று நினைத்துவிட்டார். மரியாதையாக நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, "ஆ காட்டுங்க," என்றார். காட்டினாள். காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா, பெரிய சொத்தைம்மா! இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க?"

பொய் சொல்லப்போன இடத்தில் உண்மை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவள் எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துவிட்டார். அவர் ஊசி மருந்தை எடுக்கத் திரும்பியபோதுதான் பின்னறையிலிருந்து அந்தக் குரல் கேட்டது. கல்யாணம் ஆன நாள் முதல் கேட்டுவரும் குரல்.

"கதவு தெறந்தே இருக்கட்டுங்க. சாத்தினா எனக்கு மூச்சு முட்டும்."

அவள் கழுத்தைத் திருப்பினாள். திறந்த கதவு வழியாக அவன் பாதி தெரிந்தான். வயிற்றில் கை வைத்து, கண்ணை மூடி, சொன்னதைக் கேட்கும் பிள்ளைபோல மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். எதிரில் தலை நரைத்த நர்ஸ் ஒருத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள். சக்களத்திக்கான களை எதுவும் அந்த முகத்தில் இல்லை.

"ரோப்பு அறாதுன்னு எனக்குத் தெரியுங்க," என்றான் அவன். "ஒண்ணு அறுந்தாலும் மிச்சம் தாங்கும், அதுவும் தெரியும். நெஞ்சுக்குத்தான் தெரியல. அது எங்கிட்ட வேலை கத்துக்கல."

"வீட்டுல சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? அவ காலையில இருந்து ஊர்த் திட்டையெல்லாம் காதுல வாங்கிட்டு வர்றா. வந்து செருப்பக் கழட்டறதுக்குள்ள என் பயத்தைக் கொண்டுபோய் அவ தலையில ஏத்தறதா? அதுவுமில்லாம, லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்டுன்னா பயம்னு சொன்னா சிரிப்பா."

"சிரிச்சா என்ன?"

"அவ சிரிச்சு ரொம்ப நாளாச்சுங்க. அதுக்காகவாவது சொல்லியிருக்கலாம்."

நாள் முழுக்க எல்லாருக்கும் பதில் சொல்கிறவளுக்கு அந்த நேரம் பார்த்து வாயெல்லாம் பஞ்சு. கண்ணீர் இரு பக்கமும் வழிந்து காதுக்குள் இறங்கியது. திரும்பிய பல் டாக்டர் பதறிப்போனார்.

"வலிக்குதாம்மா? நான் இன்னும் ஊசியே போடலயே!"

அவள் கையை ஆட்டி இல்லை என்றாள். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் தாராளமாகவே மருந்தை ஏற்றினார்.

சொத்தையை அடைத்துக்கொண்டு அவள் பெஞ்சுக்கு வந்தபோது ஒரு பக்கக் கன்னமே இருக்கிற மாதிரி தெரியவில்லை. சற்று நேரத்தில் அவனும் வெளியே வந்தான். அவளைக் கண்டதும் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"நீ எங்க இங்க?"

"ஃபல்லு."

"எனக்கும் பல்லுதான்," என்றான் அவசரமாக.

"ஃபொய்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. அவள் பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தான். "கேட்டுடுச்சா?" என்றான். தலையாட்டினாள். அவளால் எதிர்க்கேள்வி கேட்க முடியாது என்ற தைரியத்திலோ என்னவோ, மழைக்காலத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். செத்துப்போவோம் என்று நினைத்ததைச் சொன்னான். சட்டை நனைந்ததைச் சொன்னான். உடம்புக்கு நல்லது என்று ஊரை ஏமாற்றியதையும், அதை நம்பிய இரண்டாவது மாடிக்காரர் தானும் படியேறப் போய்க் காலைச் சுளுக்கிக்கொண்டதையும் சொன்னான்.

சுளுக்கு வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டின் ஒரு பாதி மட்டும் சிரித்தது, மறுபாதி அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்து அவனும் சிரிக்க, பெஞ்சில் இருந்த பல்வலிக்காரர்கள், உண்மையும் பொய்யும், கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சிரித்து முடித்தவள் சட்டென்று எழுந்து ஆயாவிடம் போனாள்.

"உள்ளே," என்றாள்.

அவளுக்கும் சொல்ல இருந்தது. தூக்கத்தில்கூட போன் மணி அடிக்கிற மாதிரி எழுந்து உட்காருவதை, ஆபீஸ் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவதை, வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேசவும் தெம்பில்லாமல் போவதை மரத்த வாயோடு சொன்னாள். நர்ஸ் பாதியைக் காதாலும் பாதியை ஊகத்தாலும் கேட்டுக்கொண்டாள். அவன் தன்னிடம் பேசியது இன்னொருவர் காதுக்குப் போயிருக்கிறதென்று தெரிந்ததும் முதல் காரியமாக மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வாரமே பல் நாற்காலி மூலை மாறியது, பின்னறை வாசலில் கனத்த திரை ஒன்று தொங்கியது, அவன் முறை வரும்போது பக்கத்தில் ரேடியோவும் பாடியது.

"பயத்தைத் துரத்தினா அது ஓடாதுங்க," என்று நர்ஸ் அவனிடம் சொன்னாள். "கூடவே நின்னு பாருங்க. கொஞ்ச நேரத்துல அதுக்கே போரடிச்சுடும்."

அப்படியே நின்றார்கள். முதலில் குடியிருப்பின் லிஃப்ட் வாசலில் சும்மா நின்றார்கள், புருஷனும் பெண்டாட்டியும். வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள்: "ரிப்பேரா?"

"லிஃப்ட் நல்லாத்தான் இருக்கு," என்றான் அவன். "எனக்குத்தான் ரிப்பேர். பாத்துட்டிருக்கோம்."

சொன்ன பிறகுதான், இதை வாய்விட்டுச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்தது. கேட்டவர்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர், தனக்குப் பாலத்தில் வண்டி ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, சுகாதார நிலையம் எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

பிறகு கதவைத் திறந்து வைத்து உள்ளே நின்றார்கள். அதற்கும் பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு மாடி போய்ப் பார்ப்பது என்று முடிவானது. அவன் முதல் மாடிப் பொத்தானில் விரலை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் பன்னிரண்டாவது மாடி அம்மாள் கூடையோடு உள்ளே நுழைந்து, அவன் கையைத் தாண்டித் தன் பொத்தானை அமுக்கிவிட்டாள். கதவு மூடியது. கூடை திறந்தது. அதிலிருந்து ஒரு பூனை பாய்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல முடியாது. பூனை அவன் பேன்டைப் பிடித்து ஏறியது. அம்மாள் "அடிச்சுடாதீங்க, கொழந்த!" என்று கத்தினாள். மனைவி துப்பட்டாவை விரித்துக் குதித்தாள். அவன் தோளிலிருந்து பூனையைப் பிய்த்தெடுத்துக் கூடைக்குள் அமுக்கி மூடியபோது கதவு திறந்தது. அம்மாள் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அவன் எதிர்ச் சுவரில் எழுதியிருந்த மாடி எண்ணைப் பார்த்தான்.

"பன்னெண்டு," என்றான். வெளியே வந்து படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"ஏங்க, வந்துட்டோங்க!" என்றாள் அவள்.

வந்தது சரி. இறங்குவதற்குப் பூனை இல்லையே. இருவரும் படியிலேயே இறங்கினார்கள். பாதிக் கிணறு தாண்டினதாக ஆகிவிட்டதே என்று அவன் நர்ஸிடம் வருத்தப்பட்டான். "கிணறுன்னாத்தானே பாதியில விழணும்? இது லிஃப்டுங்க, மீதிய நின்னு நிதானமா தாண்டலாம்," என்றாள் நர்ஸ்.

மீதியை அடுத்த ஞாயிறு தாண்டினான். அவள் கையை இறுகப் பிடித்து, கண்ணை மூடி, பன்னிரண்டிலிருந்து கீழே வந்தான். நடுவில் நெஞ்சு துள்ளத்தான் செய்தது. துள்ளிவிட்டு அடங்கியது. வெளியே வந்து பார்த்தால் அவள் விரல்கள் சிவந்திருந்தன.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். வழியெல்லாம் அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள். நர்ஸ் சொன்னபடி, வாரத்தில் இரண்டு நாளாவது போன் இல்லாத வேலை கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டாளாம். அந்த ஆள் காதிலேயே வாங்கவில்லையாம்.

"நான் வந்து பேசட்டுமா?" என்றான் அவன்.

"நான் பேசிக்கறேன். நீங்க கூட வந்து நின்னா போதும்." அவள் அவனை ஓரக்கண்ணால் பார்த்தாள். "ஆனா எங்க ஆபீஸ் ஏழாவது மாடி. ஞாபகம் இருக்குல்ல?"

அவன் இரண்டடி யோசித்துக்கொண்டே நடந்தான்.

"லிஃப்ட் இருக்குல்ல?" என்று கேட்டான்.