வெட்டிய கொக்கி

சோதனை மேஜையில் அண்ணன் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் அரிச்சந்திரனே அவனிடம் பாடம் கேட்க வேண்டும். மாணவர்கள் செய்துகொண்டுவரும் ரோபோக்களை மரப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, விதிப்படி இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது அவன் வேலை. ஸ்டிக்கர் இருந்தால்தான் போட்டியில் ரோபோவைக் கம்பத்தில் ஏற விடுவார்கள். ஒழுங்காகச் செய்தால் அடுத்த வருஷம் விதி எழுதும் குழுவில் சேர்த்துக்கொள்வதாகத் தலைமை நடுவர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

படிப்பு முடியப்போகும் தங்கைக்கு இது கடைசிப் போட்டி. கம்பமோ வழவழப்பு. அதனால் தன் ரோபோவுக்கு ஒரு கொக்கி செய்திருந்தாள். மடங்கிக் கிடக்கும், கிளம்பிய பிறகு விரிந்து கம்பத்தைக் கவ்வும். 'ரோபோ பெட்டிக்குள் அடங்க வேண்டும்' என்ற விதிக்கு அர்த்தம் என்ன என்று வீட்டில் அவனிடமே கேட்டாள். "கிளம்பும்போது அடங்கினா போதும். அப்புறம் விரிஞ்சா யாரு கேக்கப்போறா?" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்ன புண்ணியவான் இவன்தான்.

அவள் முறை வந்தது. பக்கத்து மேஜையில் சோதித்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். "உங்க தங்கச்சிதானே? நான் பாக்கட்டுமா?"

"வேண்டாம். நானே பாக்குறேன்."

தலைமை நடுவர் சற்றுத் தள்ளி நின்றார். தங்கையென்றும் பார்க்காதவன் என்று அவரிடம் பேர் வாங்க இவனுக்கு ஆசை. ரோபோ பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கியது. விட்டானா? விரலை நுழைத்துக் கொக்கியை விரித்தான். அது வெளியே நீண்டது.

"அளவு மீறுது."

"அண்ணா, கிளம்பும்போது மட்டும்னு நீதானே..."

"இங்க அண்ணன் கிண்ணன்லாம் கிடையாது. அடங்கணும்னா கடைசிவரைக்கும் அடங்கணும். வெட்டு, இல்லேன்னா அடுத்த டீமுக்கு வழி விடு."

ரம்பத்தையும் அவனே எடுத்து நீட்டினான், பாவி. அவள் அழுதுகொண்டே அறுத்தாள். கொக்கி துண்டாகி மேஜையில் விழுந்த நேரம் தலைமை நடுவர் வந்து நின்றார்.

"எதுக்கும்மா வெட்டினே? பெட்டிக் கணக்கு கிளம்பும்போது மட்டும்தானே?"

அண்ணன் முந்திக்கொண்டான். "நான் பாஸ்னுதான் சொன்னேன் சார். அவங்களே வேண்டாம்னு வெட்டிட்டாங்க."

நடுவர் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தால் இவன் கதை அங்கேயே முடிந்தது. நடுவரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, வெட்கமே இல்லாமல், கண்ணாலேயே அவளைக் கெஞ்சினான்.

"ஆமா சார்," என்றாள். "நான்தான் வெட்டினேன்."

"அடடா, வீணாக்கிட்டியேம்மா," என்று அவர் நகர்ந்தார். அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்டிக்கரைக் கோணாமல் ஒட்டிக் கொடுத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள்.

பாதிக் கம்பத்திலிருந்து அவள் ரோபோ விழுந்து நொறுங்கிய சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. அப்போது அவன் வேறொரு டீமின் ரோபோவைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அதற்கு இரண்டு கொக்கி.

"கிளம்பும்போது அடங்குதுல்ல? பாஸ்," என்றான், நடுவருக்குக் கேட்கும்படி.