முதுகுப் படத்தில் ஒரு கோடு

குகநாதனின் இடது தோள் எட்டு மாதமாக அவருடைய சொல் கேட்பதில்லை. சட்டை போடக் கையைத் தூக்கினால் முகம் கோணிப்போகும். சுவிஸின் பீல் நகரத்தில் மணிக்கூட்டுக் கூடுகளை மினுக்கும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நின்ற மனிதர், இப்போது ஒரு கோப்பையை மேல்தட்டில் வைக்க மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது. எலும்பு டொக்டர் படம் எடுத்தார், ஊசி போட்டார், ஃபிசியோவுக்கு அனுப்பினார். கடைசியில் ஒபரேஷன் என்றார். அதில் சரிவருமா என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். தன் முன்னால் ஒருவர் அவ்வளவு சுகமாகத் தோளைக் குலுக்கியதே குகநாதனுக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மகள் தர்மிகா புதுக் கதை ஒன்றோடு வந்தாள். அவள் பேர்னில் ஒரு பல் டொக்டரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு சாப்பிட வீட்டுக்கு வருவாள்.

"அப்பா, பழைய தழும்பு இருக்கெல்லே, ஆறிப்போன காயம், அது உடம்பிலை வேறை எங்கையாவது நோவைக் குடுக்குமாம். அந்தத் தழும்புக்குள்ளை மெல்லிய ஊசியாலை விறைக்கிற மருந்து போடுவினம். எங்கடை இடத்திலை ஒருத்தருக்கு வருசக்கணக்கான தலையிடி போயிட்டுதாம்."

"முழங்காலிலை காயம், தோளிலை நோவோ? இதென்ன விசர்க் கதை?"

"நான் சொல்லேல்லை, டொக்டர்மார் சொல்லினம். கொஞ்சப் பேர் நம்பினம், கொஞ்சப் பேர் சிரிக்கினம். ஆனா காப்புறுதி ஏற்குது."

குகநாதன் கரண்டியைக் கீழே வைத்தார். "காப்புறுதி ஏற்குதோ? அப்ப ஏதோ இருக்கு."

கடவுளில் அரை நம்பிக்கை வைத்திருந்தாலும், சுவிஸ் காப்புறுதிக் கொம்பனி காரணமில்லாமல் எதற்கும் தலையாட்டாது என்பதில் எங்கள் ஆட்களுக்கு முழு நம்பிக்கை.

அடுத்த கிழமையே தழும்புக்கு ஊசி போடும் ஃபிறவ் டொக்டர் லூத்தி என்ற அம்மாவிடமிருந்து நாலு பக்கப் படிவம் வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு மனித உருவங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மூக்கும் இல்லை, வாயும் இல்லை. உடம்பில் உள்ள எல்லாத் தழும்புகளையும் அதில் கீற வேண்டும். தடுப்பூசித் தழும்பையும் விடக் கூடாது. பிடுங்கிய பல்லையும் எழுத வேண்டும், தொப்புளையும் எழுத வேண்டும்.

"தொப்புளையுமோ?"

"அதுவும் தழும்புதானே அப்பா," என்றாள் தர்மிகா.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் குகநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சோதனை எழுதும் பிள்ளையைப் போலக் குனிந்து கீறினார். முழங்காலில் ஒன்று, சைக்கிளால் விழுந்தது. உதட்டுக்குக் கீழே நாடியில் ஒன்று. உள்ளங்கையில் ஒன்று, அது தொழிற்சாலை தந்தது. தொப்புளுக்கு ஒரு வட்டம். பின்பக்க உருவத்தை ஒரு தரம் பார்த்தார், பேனையை மூடினார்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி இந்திரா அதைக் கண்டாள். டொக்டருக்குக் கூடவா மறைக்கிறார்?

அவளுக்குக் கலியாணம் பேசப்பட்டபோதே புரோக்கர் தணிந்த குரலில் சொல்லியிருந்தார்: "பொடியனை ஆமிக்காரங்கள் ஒரு சுற்றிவளைப்பிலை பிடிச்சுப் பதினொரு நாள் உள்ளுக்கை வைச்சிருந்தவங்கள். இப்ப ஒரு குறையுமில்லை." தொண்ணூற்றேழில் பீலுக்கு வந்து முதல் மாதம், ஒரு சனிக்கிழமை, சன்னல் இல்லாத அந்தச் சின்னக் குளியலறையில் அவருக்கு எண்ணெய் வைத்தாள். தலை முடிந்து, கழுத்து முடிந்து, கை முதுகில் இறங்கியது. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரல் நீளத்தில் வெளிறிய தழும்பு ஒன்று, நுனியில் இரண்டாகப் பிரிந்து மினுங்கியது. இந்திரா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "என்ன?" என்றார் அவர். "ஒண்டுமில்லை," என்றாள் இவள்.

அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு அந்த முதுகை அவள் தொடவில்லை. தொட்டால் அவருக்குப் பழையது ஞாபகம் வரும் என்று பயந்தாள். எண்ணெய் தலையோடு நின்றது. சில மாதத்தில் அவர் எண்ணெய் வைக்கச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

அந்தத் தழும்பை நினைத்து நினைத்தே இந்திரா இந்த மனிதனோடு குடும்பம் நடத்தினாள். அவர் கிழமைக்கணக்கில் பேசாமல் இருந்தபோது, பாவம், என்ன பட்டாரோ என்றாள். பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்றபோது, சனம் கூடினால் பயமாக்கும் என்றாள். அவளுடைய அம்மா செத்த செய்தி வந்த அன்று "ம்" என்ற ஒற்றை எழுத்தோடு வேலைக்குப் போன மனிதரைக்கூட மன்னித்தாள். வீட்டில் கதவை அடித்துச் சாத்தினால் பிள்ளைக்கு அவளிடம் ஏச்சு விழும். ஓகஸ்ட் முதலாம் தேதி, சுவிஸ் தேசிய நாளுக்கு ஊரெல்லாம் வெடி கொளுத்தும்போது சன்னலையெல்லாம் பூட்டித் திரைச்சீலையை இழுத்துவிடுவாள். குகநாதனோ உள்ளே புழுக்கத்தில் இருந்து விசிறிக்கொண்டிருப்பார்.

பழைய பேப்பர்க் கட்டைக் கட்டிக்கொண்டு அவர் கீழே போன நேரம் இந்திரா கையைத் துடைத்தாள். பேனையை எடுத்தாள். பின்பக்க உருவத்தின் இடது தோளுக்குக் கீழே, நுனி பிரித்து, ஒரு கோடு கீறினாள். கோடு சரியாகத்தான் விழுந்தது.

மேலே வந்த குகநாதன் படிவத்தை உறைக்குள் வைக்கப் போனவர் நின்றார். "இதை ஆர் கீறினது?"

"நான்தான்."

"ஏன்?"

"இருக்கிறதைத்தானே கீறினனான்."

"எனக்கு முதுகிலை ஒண்டுமில்லையே."

நடிக்கிறார் என்றுதான் இந்திரா முதலில் நினைத்தாள். ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் அவர் நடித்து அவள் கண்டதில்லை, நடிக்கிற அளவுக்கு அந்த முகத்தில் அசைவு இருந்ததும் இல்லை. தர்மிகா பொறுமை இழந்து அப்பாவின் சட்டையை உயர்த்தி, ஃபோனில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள்.

குகநாதன் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தார். பிறகு சிறுப்பித்தார். "இது ஆற்றை முதுகு?"

"உங்கடைதான். இப்ப எடுத்ததுதானே அப்பா."

"ஃபிசியோக்காரி ஒரு நாளும் சொல்லேல்லையே."

"உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சிருப்பா."

அவர் கையைப் பின்னால் வளைத்துத் தொடப் பார்த்தார். இடது கைக்கு அந்த வளைவு இல்லை, வலது கை எட்டவில்லை. இந்திரா ஒரு கதிரையை இழுத்து அதில் இருந்தாள். வாழ்நாள் முழுக்க வாய்க்குள் அடக்கி வைத்த கேள்வி தானாக வெளியே வந்தது.

"அந்தப் பதினொரு நாளிலை அவங்கள் செய்தது இல்லையோ?"

"எது?"

"இதுதான்."

குகநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு ஆரும் அடிக்கேல்லை. பக்கத்திலை இருந்தவங்களுக்கு அடிச்சவங்கள். என்னைக் குசினிக்குக் கொண்டுபோய் வெங்காயம் உரிக்க விட்டவங்கள். பதினொரு நாளும் வெங்காயம்." படிவத்தை எடுத்து உறைக்குள் வைத்தார். "அதை ஆருக்குச் சொல்லுறது? பக்கத்திலை இருந்தவங்கள் பட்ட பாட்டுக்கு."

அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது? யாழ்ப்பாணத்தில் கொக்குவிலில் இருக்கும் குகநாதனின் அக்கா தில்லைநாயகிக்கு ஃபோன் போட்டார்கள். படத்தையும் அனுப்பினார்கள்.

"அதோ," என்றார் தில்லைநாயகி, ஒரு யோசனையும் இல்லாமல். "மூண்டு வயசிலை முதுகிலை பெரிய சீழ்க் கட்டு வந்து பரியாரியார் வெட்டினவர். நீ கத்தின கத்து சந்தி மட்டும் கேட்டது தம்பி." பிறகு இழுத்தார். "பொறு, கட்டு வந்தது உன்ரை அண்ணனுக்கெல்லே? நீ கிணத்துக் கட்டிலை இருந்து விழுந்தனி. இல்லை, விழுந்ததும் அவன்தானோ? அம்மா இருந்தா சொல்லுவா." கடைசியில், தழும்பு இருக்கிறதென்றால் ஏதோ நடந்துதானே இருக்க வேண்டும் என்று முடித்து, பீலில் குளிர் எப்படி என்று கேட்டார்.

அன்று இரவுச் சமையலில் சட்டிமூடிகள் எல்லாம் சத்தம் போட்டன. இந்திராவுக்குத் தன்னிலேயே கோபம், அவரிலும் கோபம், செத்துப்போன புரோக்கரிலும் கோபம். சித்திரவதைப்பட்ட மனிதன் என்று நினைத்து அவள் பொறுத்ததெல்லாம் ஒரு கட்டுக்காகவா? அதுவும் யாருடைய கட்டு என்றே தெரியாத கட்டு! காயம் காரணமில்லை என்றால், இவர் சும்மாவே இப்படிப்பட்ட மனிதர்தானா? இல்லை, அவளைப் பிடிக்காமல்தான் இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தாரா? படுக்கும்போது அந்தக் கேள்விதான் அவளைக் குடைந்தது. அதைக் கேட்கிற துணிவு மட்டும் வரவில்லை.

வியாழக்கிழமை ஃபிறவ் டொக்டர் லூத்தி குகநாதனைக் குப்புறப் படுக்க வைத்தார். வெள்ளைத் தலைமுடியும் மலையேறும் சப்பாத்துமாக இருந்த மனுஷி. இவர்களுக்காக நிறுத்தி நிறுத்தி ஜெர்மன் பேசினார்.

"எப்படி வந்தது இந்தத் தழும்பு?"

"தெரியாது," என்றார் குகநாதன்.

"தெரியாது," என்றாள் இந்திராவும். அதைச் சொல்லவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

டொக்டர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "பரவாயில்லை. உடம்புக்குத் தெரிந்தால் போதும் என்று நான் நினைக்கிறேன். என்னுடன் படித்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்." முழங்காலையும் நாடியையும் தொட்டுப் பார்த்து விட்டுவிட்டு, முதுகுத் தழும்பைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ஆறு ஊசி குத்தினார். பிறகு எழுப்பி, கையைத் தூக்கச் சொன்னார்.

கை காது வரை போனது. முந்தியும் அவ்வளவு போனதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. "கூடியிருக்குப் போலை," என்று தமிழில் சொன்ன குகநாதன், ஜெர்மனில் "தெரியவில்லை" என்றார்.

"தழும்பு இறுகிப்போய் ஒட்டியிருக்கிறது," என்றார் டொக்டர். "தினமும் ஐந்து நிமிடம் எண்ணெய் பூசி உருட்டி உருட்டித் தளர்த்த வேண்டும். அவருக்குக் கை எட்டாது. ஃபிறவ் குகநாதன், அது உங்கள் வேலை." இந்திராவின் பெருவிரலைப் பிடித்து அந்தத் தழும்பின் மேல் வைத்துக் காட்டினார். தோல் சூடாக இருந்தது. இந்திரா ஒரு தரம் அழுத்தினாள், உடனே எடுத்துவிட்டாள். குகநாதனின் முதுகு விறைத்ததை அவள் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை தனக்கு வேலை என்று இந்திரா தப்பினாள். சனிக்கிழமை தப்ப இடமில்லை. நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கோப்பையில் ஊற்றினாள். குசினியில் முட்டை அவிக்க வைத்திருந்த மணியை ஐந்து நிமிடத்துக்குத் திருப்பி மேசையில் வைத்தாள். குகநாதன் சட்டையைக் கழற்றி, கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் நாடியை ஊன்றி இருந்தார்.

முன்னால் படுக்கையறைக் கதவு நிலை தெரிந்தது. ஒரு ஆள் உயரத்தில் அதன் வெள்ளைப் பெயின்ற் தேய்ந்து மரம் தெரியும். குகநாதன் தினமும் வேலையால் வந்ததும் முதுகை அதில் வைத்துத் தேய்ப்பார், தர்மிகா சின்னவளாக இருக்கும்போது எருமை எருமை என்று சிரிப்பாள். நோவுக்குத்தான் தேய்க்கிறார், பாவம், தனியாக விடுவோம் என்று இந்திரா அந்த நேரம் குசினிக்குள் போய்விடுவாள்.

எண்ணெய்க் கையைத் தழும்பில் வைத்தாள். டொக்டர் காட்டியபடி மெல்ல உருட்டினாள். அரை நிமிடம் போயிருக்கும்.

"கொஞ்சம் மேலை," என்றார் குகநாதன்.

மேலே போனாள்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஆ... அதிலைதான். நகத்தாலை ஒருக்கா."

"நோகுதோ?"

"நோவெங்கை? கடி, சொறியச் சொல்லுற கடி. அந்த இடம் எப்பவும் கடிக்கும். கலியாணத்துக்கு முந்தியே கடிக்கும். எனக்குக் கை எட்டாது."

இந்திராவின் கை நின்றது. "பின்னை என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

அவர் திரும்பவில்லை. கதவு நிலையைப் பார்த்தபடியே சொன்னார். "நீர் வந்த புதிசிலை ஒரு நாள் எண்ணெய் வைச்சனீர். முதுகிலை கை பட்டவுடனை, நெருப்பிலை தொட்ட மாதிரி இழுத்தனீர். நான் என்னெண்டு கேட்டன். ஒண்டுமில்லை எண்டனீர். பிறகு ஒரு நாளும் தொடேல்லை."

"அது..."

"என்ரை உடம்பு உமக்கு அருவருப்பெண்டு விளங்கிக்கொண்டன். பேசிச் செய்த கலியாணம், முகம் பார்க்காமல் வந்த பிள்ளை, பிடிக்காமல் போனா அது உம்மடை பிழையே? சரி, கரைச்சல் குடுக்காமல் நாங்கள் பேசாமல் இருப்பம் எண்டு இருந்திட்டன்."

முட்டை மணி தன்பாட்டில் டிக் டிக் என்று ஓடியது. இந்திராவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. மூக்கை முழங்கையால் துடைத்தாள்.

"அருவருப்போ! நீங்கள் பட்ட பாட்டை நினைச்சு எனக்குத் தொடப் பயமாயிருந்ததப்பா. இவ்வளவு காலமும் இதை வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்கள்!"

குகநாதன் மெல்லத் தலையைத் திருப்பினார். "நீர் கேட்டனீரோ?"

மணி அடித்தது. இந்திரா அதைக் கையால் அமர்த்தினாள். எண்ணெய்க் கோப்பையைச் சரித்து உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டாள்.