பிறகு நினைவூட்டு

கணினிக்குள் பிசாசு புகுந்துவிட்டது என்றே நடன ஆசிரியை முடிவு கட்டிவிட்டாள். நேற்று வரை சமர்த்தாக ஒலித்த இசை, இன்று நாய் துரத்தியதுபோல் ஓடியது.

பிசாசுக்குக் கதவைத் திறந்துவிட்டவளும் அவளேதான். புது இயங்குதளம் தயார், மேம்படுத்தவா என்று ஒரு பெட்டி மாதக்கணக்காகத் திரையில் வந்து கெஞ்சிக்கொண்டிருந்தது. கணவர் ஒவ்வொரு தடவையும் ‘பிறகு நினைவூட்டு’ என்பதைத் தட்டிவிடுவார். ஊர் லிஃப்டையெல்லாம் பழுதுபார்க்கிற மனிதருக்கு வீட்டுக் கணினி என்றால் மட்டும் சோம்பலா என்று எரிச்சல்பட்டு, நேற்று அவர் வேலைக்குப் போன சமயம் ‘சரி’யை அமுக்கிவிட்டாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை மேடை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் தனியாக ஆடப்போகும் முதல் நடனம். அதைப் பார்த்துத்தான் மூத்த வகுப்பை மறுபடி அவளிடம் கொடுப்பதா என்று நடனப் பள்ளியில் முடிவு செய்வார்கள். இசையும் புதிது, இந்தக் கணினியில் தவிர வேறெங்கும் அவள் அதைக் கேட்டதில்லை.

கொழுந்தனைக் கூப்பிட்டாள். கணினிக் கடையில் வேலை பார்ப்பவன்.

“அப்டேட் ஆனா பிளேயர் ஏதாவது மக்கர் பண்ணும் அண்ணி. கவலைய விடுங்க.”

பிளேயரை நீக்கிவிட்டு மறுபடி போட்டான். ஒலிக்கான டிரைவரை மாற்றினான். வேறொரு பிளேயரை இறக்கினான். ஒவ்வொரு தடவையும் அவள் அறை நடுவில் நின்று ஆடிப் பார்த்தாள். மூன்றாவது சுழற்சி வருவதற்குள் இசை எங்கோ போய்விடும்.

கடைசியில் அவன் தன் போனில் அதைப் போட்டுக் காட்டினான். அதே ஓட்டம்.

“கோச்சுக்காதீங்க அண்ணி. பாட்டே இந்த வேகம்தான். பழைய பிளேயர்ல யாரோ வேகத்தக் கொறச்சு வெச்சிருக்காங்க. அப்டேட்ல அது அழிஞ்சுபோச்சு.”

யாரோ என்றால் வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் திரும்பினாள். சாப்பிட வந்த கணவர், கழற்றிய ஒற்றை ஷூவும் கையுமாக வாசலில் நின்றார்.

“மொத நாள் பாதியில உக்காந்து அழுதியே, அன்னிக்குத்தான் கொறச்சேன். அப்புறம் ஏத்திடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள, ‘என் கால் திரும்பி வந்துடுச்சு’ன்னு சிரிச்சே. எந்த வாயால சொல்றது?”

“மேடையில மூக்கறுபட்டிருப்பேனே!”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். “மேடையில போடறதுக்கு இதுலயும் மெதுவாத்தான் ஏத்தி வெச்சிருக்கேன். நானே கொண்டுபோய்க் குடுத்திருப்பேன்.”

கொழுந்தன் மவுஸைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடிவயிற்றை ஆராய ஆரம்பித்தான்.

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இத்தனை மாதமாகக் கால் திரும்பி வரவில்லை. பாட்டுதான் அவளுக்காக நின்று நின்று போயிருக்கிறது. அதை ஊரெல்லாம் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் மேல் இருந்த பிரியம் அப்போதும் குறையவில்லை என்பதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

“முழு வேகத்துல போடுப்பா,” என்றாள் கொழுந்தனிடம்.

ஆடினாள். மூன்றாவது சுழற்சியில் முழங்கால் மடங்கியது, மேசையைப் பிடித்துக்கொண்டாள். கணவர் ஓடி வர, கையை நீட்டி நிறுத்தினாள். மூச்சு வாங்கி முடிந்ததும், “கொஞ்சம் கொறைங்க,” என்றாள்.

அவர் ஷூவை அக்குளில் இடுக்கிக்கொண்டு மவுஸைத் தொட்டார். திரையில் வேகம் நூறிலிருந்து தொண்ணூறாயிற்று. இந்தத் தடவை கால் வலித்தது, ஆனால் நின்றது.

“இதையே பென்டிரைவ்ல ஏத்துங்க. மெதுவாத்தான் ஆடறேன்னு பள்ளியில நானே சொல்லிக்கறேன்.”

“மூத்த வகுப்பு?”

“குடுத்தா குடுக்கட்டும்.” திரையில் இருந்த எண்ணை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “அடுத்த வாரம் வேகத்துல ஒண்ணு ஏத்துங்க. என் கண்ணு முன்னாடி ஏத்துங்க.”